ஆறாம் பக்கத்துச் சூரியன்

பஹ்ரைனில் வேலை பார்க்கும் மாமா ஊருக்கு வருவதற்கு முந்தின வாரம் போன் செய்து, யாருக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று வரிசையாகக் கேட்டார். அம்மா கம்பளிப் போர்வை கேட்டாள். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அதை யார் போர்த்துவது என்று யாரும் கேட்கவில்லை. அப்பா தலைவலித் தைலம் கேட்டார். நான் டேப்லெட் கேட்டேன்.

மறுமுனையில் மாமா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“மக்களே, ஒனக்கு என்ன சுகக்கேடு?” என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. “அம்மைக்குத் தெரியுமா?”

“மாத்திரை இல்ல மாமா. படத்துக்கு நிறம் கொடுக்கதுக்கு உள்ள டேப்லெட். பலகை மாதிரி இருக்கும். கூட ஒரு பேனா உண்டு.”

“அத முதல்லயே சொல்லப்பிடாதா? நான் பயந்துட்டேன்லா.”

பலகை வந்தது. கறுப்பாக, மெல்லிசாக, பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. அம்மா பேனாவை வாங்கி அதில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள்.

“ஒண்ணும் தெரியலியே?”

“லேப்டாப்புல தெரியும்மா.”

“பின்ன லேப்டாப்புலயே வரையப்பிடாதா? இது எதுக்கு நடுவுல?”

நியாயமான கேள்விதான். நான் பதில் தேடுவதற்குள், “செரி, ஒனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அம்மா அடுக்களைக்குப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் எதற்கும் கடைசி வார்த்தை அதுதான். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். நான் பி.எஸ்ஸி. கணிதம், முதல் வகுப்பு. இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும் என்று விட்டுவிடுவேன். ரேஷன் கடைக் காகிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களின் வங்கிப் படிவம் எல்லாம் என்னிடம்தான் வரும். எட்டாம் வகுப்பிலிருந்தே நான் எங்கள் தெருவின் ஆபீஸர். இப்படி வளர்ந்ததில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. யார் எதைக் கேட்டாலும் “தெரியும்” என்று சொல்லிவிடுவேன். தெரியாவிட்டால் பிறகு தனியாக உட்கார்ந்து தெரிந்துகொள்வேன். பெரும்பாலும் அது போதுமானதாகத்தான் இருந்தது.

அம்மாவுக்கு நான் டீச்சராக வேண்டும். அதற்கு பி.எட். படிக்க வேண்டும். அம்மா அண்டி ஆபீஸுக்குப் போகிறவள். முந்திரி ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வெளியூர்த் தோழிகளிடம் “எங்க அம்மா ஆபீஸ் போறாங்க” என்று சொல்லி நான் கல்லூரியில் முதல் வருஷம் முழுவதும் சமாளித்திருக்கிறேன். அந்த ஆபீஸில் காலையிலிருந்து சாயங்காலம் வரை குத்தவைத்து முந்திரிப் பருப்பின் தோலை எடுக்கிறவளுக்கு, மகள் நாற்காலியில் உட்கார்ந்து வருகைப் பதிவு எடுக்க வேண்டும் என்ற ஆசை. அதில் தப்பே இல்லை. ஆனால் என் ஆசை வேறாக இருந்தது.

எனக்கு வரையத் தெரியாது. ஒரு கையை வரைந்தால் அது கத்திரிக்காய்க் கொத்துபோல இருக்கும். ஆனால் நிறம் தெரியும். எந்தப் பச்சைக்குப் பக்கத்தில் எந்தச் சிவப்பு நின்றால் இரண்டும் சண்டை போடாது என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். கல்லூரி நூலகத்தில் ஒருநாள் குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது, முதல் பக்கத்தில் கதை என்று ஒரு பெயர், ஓவியம் என்று ஒரு பெயர், அதற்குக் கீழே வண்ணம் என்று தனியாக ஒரு பெயர் இருந்ததைப் பார்த்தேன். வரைகிறவர் வேறு, நிறம் கொடுக்கிறவர் வேறு! அப்படியொரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அன்று மதியம் வகுப்புக்குப் போகாமல் அந்தப் புத்தகத்தையே வைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அம்மாவும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். பி.எட். விண்ணப்பத்துக்கு ஓணம் கழிந்து வரும் செவ்வாய்க்கிழமை கடைசி நாள். அதற்கு முந்தின திங்கட்கிழமைக்குள் நிறம் கொடுக்கும் வேலை ஏதாவது உறுதியாகக் கிடைத்தால் சரி. இல்லையென்றால் படிவத்தில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அம்மா படிவத்தை வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். நான் கும்பிடப் போகும்போதெல்லாம் அது தெரியும்.

நான் கற்றுக்கொண்டது எல்லாம் இணையத்தில் கிடைத்த வீடியோக்களைப் பார்த்துத்தான். அதில் வருகிறவர்கள் ஆங்கிலத்தை வாய்க்குள்ளேயே மென்று பேசுவார்கள். பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பேன். பாதி வேகத்தில் எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல இருக்கும். அப்பாவுக்கு அந்தக் குரலைக் கேட்டாலே சிரிப்பு. “ஒனக்க வாத்தியார் இன்னைக்கும் கள்ளு குடிச்சிட்டுதான் வந்திருக்காரு” என்பார்.

முதலில் கற்றது வாளி. திரையில் ஒரு சின்ன வாளிப் படம் இருக்கும். அதைத் தொட்டுவிட்டு ஒரு சட்டைக்குள் தட்டினால் சட்டை முழுவதும் நிறம் பரவிவிடும். ஆனால் சட்டையை வரைந்த கோட்டில் எங்கேயாவது மயிரிழை இடைவெளி இருந்தால், நிறம் அதன் வழியாகக் கசிந்து பக்கம் முழுவதையும் நிறைத்துவிடும். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு கோட்டுப்படம்தான் என் முதல் பக்கம். அதில் ஒரு கிழவரின் தலைப்பாகைக்குச் சிவப்பு ஊற்றினேன். கண்ணிமைக்கும் நேரத்தில் கிழவர், வீடு, ஆடு, வானம் எல்லாம் சிவப்பாகிவிட்டன. பின்னால் நின்ற அம்மா, “அய்யோ, ஆர வெட்டினாவ?” என்றாள்.

அடுத்தது லேயர். ஒரு படத்தின் மேல் கண்ணாடித் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்குவதுபோல. கோடு ஒரு தாளில், நிறம் ஒரு தாளில், நிழல் இன்னொரு தாளில். நிழல் தாளை ‘மல்டிப்ளை’ என்று மாற்றினால், கீழே உள்ள நிறம் அழியாமல் இருட்டாக மட்டும் ஆகும். ஏன் அப்படி என்று வீடியோக்காரருக்கே தெரியவில்லை. “ஏன் என்று யோசிக்காதீர்கள், செய்யுங்கள்” என்றார். எனக்கு யோசிக்காமல் இருக்க முடியவில்லை. நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கணினிக்கு வெள்ளை என்றால் ஒன்று, கறுப்பு என்றால் பூஜ்யம். மற்ற நிறமெல்லாம் நடுவிலுள்ள பின்னங்கள். பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கினால் விடை இரண்டையும்விடச் சின்னதாகும், அதாவது இருட்டும். ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாது, அதனால்தான் வெள்ளை காணாமல் போகிறது! எழுந்து அடுக்களைக்கு ஓடினேன்.

“அம்மா, நிழல்னா என்னன்னு கண்டுபிடிச்சிட்டேன். பெருக்கல்! வெறும் பெருக்கல்!”

“பெருக்குகதா? அப்போ கையோட அந்த முற்றத்தையும் பெருக்கிரு.”

முற்றத்தைப் பெருக்கும்போதும் எனக்குச் சந்தோஷம் குறையவில்லை. மூன்று வருஷம் படித்த கணக்கு ஒரு நிழலுக்குள் வந்து உட்கார்ந்ததை எங்கள் ஊரில் வேறு யார் பார்த்திருப்பார்கள்?

ஒரே ஒரு தொல்லை, லேப்டாப். பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. எட்டு லேயருக்கு மேல் போனால் மூச்சு வாங்கும். அதற்கு நானே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். ஒரு பக்கம் முடிந்ததும் எல்லாத் தாள்களையும் ஒன்றாக ஒட்டி, ஒரே படமாகச் சேமித்துவிடுவேன். அப்படி மட்டும் செய்யாதீர்கள் என்று வீடியோக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நிழலின் காரணமே தெரியாதவர்தானே என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படிச் செய்த சில பக்கங்களைச் சென்னையில் குழந்தைகள் புத்தகம் போடும் ஒரு சிறிய பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஆடி மாதக் கடைசியில் அங்கிருந்து ஆசிரியர் அம்மா ஒருவர் போன் செய்தார். நிதானமான குரல். ஆறு பக்கம் அனுப்புகிறோம், கோட்டுப்படம்தான், நிறம் கொடுத்துக் காட்டுங்கள், சரியாக வந்தால் நாற்பத்தெட்டுப் பக்கப் புத்தகம் முழுவதும் உங்களுக்குத்தான் என்றார்.

“கதையையும் சேத்து அனுப்பியிருக்கேன். படிச்சுட்டு ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்க.”

“சந்தேகம் ஒண்ணும் இல்ல மேடம்,” என்றேன், கதை இன்னும் வந்து சேராதபோதே.

புத்தகத்தில் எட்டுக் கதைகள். எனக்கு வந்த முதல் கதை எளிமையானது. மெரினா கடற்கரையில் ஓர் அக்காவும் தங்கையும் பட்டம் விடுகிறார்கள். நூல் அறுந்து பட்டம் போய்விடுகிறது. நான்கு மணியிலிருந்து இருட்டும் வரை தேடுகிறார்கள். ஆறாம் பக்கத்தில் பட்டம் கிடைத்து, இருவரும் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் முழுவதும் ஒரே படம். ஓவியர் பிள்ளைகளை வரைந்து, வானத்தையும் கடலையும் பிரித்து ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு, மற்றதை எனக்கு விட்டிருந்தார். ‘மாலை. வானம் நிறம் மாறுகிறது’ என்று குறிப்பு.

அந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். நாவற்பழ நிறத்தில் மேகம், அதற்குக் கீழே செம்பருத்தி, அதற்கும் கீழே பழுத்த செவ்வாழையின் தோல். நடுவில், கடலுக்குள் பாதி இறங்கிய சூரியன். அதிலிருந்து இரண்டு பிள்ளைகளின் காலடிவரை தண்ணீரில் ஒரு தங்கப் பாதை. பிள்ளைகள் வெறும் இருட்டு உருவங்கள், தலைமயிரில் மட்டும் நெருப்புக் கோடு. முதல் ஐந்து பக்கங்களிலும் வெளிச்சத்தைக் கடல் பக்கமிருந்தே வரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பாக்கிக்கொண்டு வந்திருந்தேன். ஆறாம் பக்கத்தில் அது போய் நிறையும்.

அம்மா வேலையிலிருந்து வந்து கை கழுவாமல் அப்படியே நின்று பார்த்தாள். “நம்ம கடலேதான்” என்றாள். அவள் அதற்குமுன் என் படம் எதையும் இரண்டு நிமிஷம் பார்த்ததில்லை.

நான் ஒட்டிச் சேமித்து அனுப்பிவிட்டேன். ஓண வாரத்துத் திங்கட்கிழமை காலையில் போன் வந்தது.

“ஆறாம் பக்கம் பாத்தேன்,” என்றார் ஆசிரியர்.

“சரி மேடம்.” பாராட்டை வாங்கிக்கொள்ள நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

“சூரியன் எங்கம்மா மறையுது?”

“கடல்ல மேடம்.”

“எந்தக் கடல்ல?”

இது என்ன கேள்வி என்று இருந்தது. “அந்தப் படத்துல இருக்கிற கடல்லதான்.”

“அது மெரினா.”

“ஆமா மேடம்.”

“மெரினாவுல சூரியன் கடல்ல மறைஞ்சா, நாங்க எல்லாரும் வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடணும்மா.”

எனக்கு இன்னும் விளங்கவில்லை. “எங்க ஊர்ல கடல்லதானே மேடம் மறையும்?” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் காது சுட்டது. சென்னைக்குக் கடல் கிழக்கே. நான் மூன்றாம் வகுப்பில் படித்தது, பத்தாம் வகுப்பில் வரைபடத்தில் குறித்தது, தெருப் பிள்ளைகளுக்கு டியூஷனில் சொல்லிக்கொடுத்தது எல்லாம் எங்கேயோ போய்விட்டது. எனக்குச் சாயங்காலம் என்றால் கடல், கடல் என்றால் அதில் சூரியன். வேறு மாதிரி ஒரு சாயங்காலம் இருக்கும் என்றே நான் யோசிக்கவில்லை.

“எந்த ஊரு நீங்க?”

“கன்னியாகுமரி மாவட்டம் மேடம். இராஜாக்கமங்கலத்துக்கு மேற்கே.”

“அதான பாத்தேன்!” என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “ஆனா இதை அச்சுல போட முடியாது. மெட்ராஸ் பிள்ளைங்க முதல் கேள்வியே இதைத்தான் கேப்பாங்க. ஆறு பக்கத்துலயும் வெளிச்சம் தப்பான பக்கத்துலேருந்து வருது. வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திக் கொடுக்க முடியுமா? லேயரெல்லாம் தனித்தனியா இருக்குமே?” என்றார்.

“இருக்கு மேடம்.”

“திருத்த முடியும்ல?”

“முடியும் மேடம்.”

போனை வைத்தபிறகு கட்டிலில் உட்கார்ந்தேன். லேயர் ஒன்றுகூட இல்லை. சூரியனை எடுக்க வேண்டுமென்றால் வானம், கடல், பிள்ளைகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். வாளியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், ஆறு பக்கமும். கையில் இருப்பது நாலு நாள். அடுத்த திங்கள் சாமி படத்துக்குக் கீழேயிருந்து அந்த உறை வெளியே வரும்.

அழலாமா என்று யோசித்தேன். அதற்கும் நேரம் இல்லை.

முதல் பக்கத்துக்கு மறுபடியும் வாளியை எடுத்து அன்று மதியத்துக்குள் நிறம் ஊற்றி முடித்தேன். கை பழகியிருந்ததால் அது சீக்கிரமே ஆனது. நிழல் போடும்போதுதான் மாட்டிக்கொண்டேன். சூரியன் பின்னால், ஊர்ப் பக்கம் இறங்கினால், முன்னால் இருக்கும் கடல் என்ன நிறத்தில் இருக்கும்? சிவப்பாகவா, நீலமாகவா? கடலைப் பார்க்கிறவளின் முகத்தில் வெளிச்சம் விழுமா? நிழலை இடமிருந்து வலமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் வெட்டி ஒட்டியதுபோல இருந்தார்கள். இணையத்தில் மெரினா படங்களைத் தேடினேன். பாதி சூரிய உதயம். மீதி, போனில் நிறத்தைக் கூட்டிக் கெடுத்தவை.

நோட்டை எடுத்தேன். கணக்குக்காரி வேறென்ன செய்வாள்? ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கரை. சென்னையில் சாயங்காலம் சூரியன் கரைப் பக்கம். எங்கள் ஊரில் சாயங்காலம் கடல் பக்கம். அப்படியானால் எங்கள் ஊரில் சூரியன் கரைப் பக்கம் நிற்பது எப்போது? காலையில்! அவர்களுடைய சாயங்காலம் எங்கள் காலையில்தான் இருக்கிறது, கண்ணாடியில் தெரிவதுபோல.

விடை கிடைத்ததும் இன்னொன்றும் தெரிந்தது. கடலிலிருந்து மூன்று கிலோமீட்டரில் பிறந்து வளர்ந்தும், எங்கள் கடலைக் காலையில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. காற்று வாங்க எல்லாரும் சாயங்காலம்தானே போவார்கள்.

அப்பா வாழைக்குலை ஏற்றிச் சந்தைக்குப் போகும் டெம்போ ஓட்டுகிறார். மறுநாள் விடிந்ததும் நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

“கடலுக்கா? காலத்தேயா?” என்றார் அப்பா. “மீனு வேணும்னா நான் வாங்கிட்டு வருவேன்லா.”

“மீனு வேண்டாம்ப்பா. வெளிச்சம் பாக்கணும்.”

அப்பா கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். “வெளிச்சம் இங்கயும் கெடக்கே,” என்றார். ஆனாலும் வண்டியைக் கடற்கரைப் பக்கம் திருப்பினார்.

கரையில் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் விரித்த பெரிய வலையை இரண்டு வரிசை ஆட்கள் கரையில் நின்று கயிறு பிடித்து இழுப்பது. சூரியன் எனக்குப் பின்னால், இடது பக்கம், தென்னைகளின் தலைக்கு மேல் அப்போதுதான் ஏறியிருந்தது. நான் கடலைப் பார்த்து நின்றேன். என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு, நுரைக்குள் போய் முடிந்தது. சாயங்காலத்தில் என் நிழல் எப்போதும் எனக்குப் பின்னால், ஊரைப் பார்த்துக் கிடக்கும். அது இப்படிக் கடலுக்குள் போய் நான் பார்த்ததேயில்லை.

கடல் சிவப்பாக இல்லை. சாம்பலும் பச்சையும் கலந்து, ரொம்பச் சாதாரணமாக இருந்தது. ஆனால் அலை எழும்பி மடங்கும் இடத்தில், வெளிச்சத்தைப் பார்க்கும் நுரை மட்டும் இளஞ்சிவப்பாகப் பூத்து அணைந்தது. தூரத்து வள்ளங்கள் பளிச்சென்று முழு நிறத்தோடு இருந்தன. போனில் எடுத்தேன், நோட்டில் எழுதினேன், மறுபடி எடுத்தேன்.

மீன் வாங்கிக் கொண்டுபோய் விற்கக் காத்திருந்த ஓர் அக்கா, கவிழ்த்த மீன் வட்டிக் கூடையின் மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏது மோளே, கடல இதுக்கு மும்ப கண்டிட்டில்லியா?”

“காலத்தே கண்டதில்லக்கா.”

“காலத்தேயும் இதே கடலுதான்.”

வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க எனக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. கேட்க நாக்குக் கூசியது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. “அக்கா, ஒரு உதவி. எழும்பிக் கொஞ்சம் கடலப் பாத்து நிப்பியளா?”

“என்னத்துக்கு? மாப்பிள வீட்டுக்கு அனுப்பவா?” அவள் தலைமுண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். “எனக்குக் கெட்டு கழிஞ்சு பேரப்பிள்ளயும் ஆச்சே மோளே.”

கயிறு இழுத்தவர்கள் சிரித்தார்கள். அவள் கடலைப் பார்த்து நின்றபோது முகம் நீலநிழலில் இருந்தது. காது மட்டும், வெளிச்சம் உள்ளே புகுந்து, மாதுளை விதைபோலச் சிவந்தது. கழுத்தின் பின்பக்கம் முழுவதும் சூடான வெளிச்சம். “இப்போ கரையப் பாத்துத் திரும்புங்கக்கா” என்றேன். திரும்பினாள். முகம் அப்படியே எரிந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “போதுமா? கண்ணு கூசுகு” என்றாள்.

எனக்கு வேண்டியது அதில் இருந்தது. ஆறாம் பக்கத்தில் இருவரும் கடலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் தங்கச்சி மட்டும் அக்காவிடம் ஏதோ சொல்லத் தலையைத் திருப்பியிருக்கிறாள். ஓவியர் அதைச் சின்னதாக வரைந்திருந்தார். நான் அன்று வெறும் இருட்டால் மூடிய முகம். இனி அந்த முகத்தில் மட்டும்தான் முழு வெளிச்சம்.

அடுத்த மூன்று நாளும் நான் மேசையை விட்டு எழுந்தது சாப்பிட மட்டும்தான். ஓணத்தன்றுகூட அம்மா அடைப்பாயசத்தைத் தம்ளரில் கொண்டுவந்து கையில் தந்துவிட்டுப் போனாள். இந்தத் தடவை ஒரு லேயரையும் ஒட்டவில்லை. லேப்டாப் இஸ்திரிப்பெட்டிபோலச் சுட்டது. அதற்கு நேராக டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். எங்கள் ஊரில் காய்ச்சலைப் பனி என்போம். அம்மா லேப்டாப்பின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்த்து, “நல்ல பனி கெடக்கே. கஞ்சி வல்லதும் குடிக்குமா?” என்றாள்.

ஆறாம் பக்கத்தில் சூரியன் இல்லை. வானம் மேலே வெளிர் ஊதா, கடலை ஒட்டி மங்கிய நீலப் பட்டை. நுரையில் இளஞ்சிவப்பு. இரண்டு நிழல்கள் தண்ணீருக்குள் நீண்டு போகின்றன. தங்கச்சியின் முகத்தில் ஊர்ப் பக்கத்து வெளிச்சம். முதலில் செய்த படத்தைப்போல அது கூவி அழைக்கவில்லை. ஆனால் அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்க எனக்கே கொஞ்ச நேரம் ஆனது. வெள்ளிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு அனுப்பினேன்.

சனி, ஞாயிறு போன் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் அம்மா வேலைக்குப் புறப்படும்போது சாமி படத்துக்குக் கீழேயிருந்த உறையை எடுத்து டிபன் பைக்குள் வைத்தாள். “எங்க ஆபீஸ் கணக்கு சாருட்ட காட்டி, எங்கெங்க எழுதணும்னு கேட்டுட்டு வாறேன். சாயங்காலம் இருந்து எழுதலாம்” என்றாள். அதில் எங்கெங்கே எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

மூன்று மணிக்குப் போன் வந்தது.

“சாயங்காலம் மெரினா வந்து பாத்துட்டுப் போனீங்களா?”

“இல்ல மேடம். காலையில எங்க ஊர் கடலுக்குப் போனேன்.”

அவர் யோசிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “ஓ!” என்றார். நீளமான ஓ. “அந்தச் சின்னப் பொண்ணு முகம் ரொம்ப நல்லா வந்திருக்கு. ஓவியருக்கும் பிடிச்சிருக்கு. மீதிப் பக்கத்த நாளைக்கு அனுப்பறேன். நீங்களே பண்ணுங்க.”

“சரி மேடம்,” என்றேன். அதோடு போனை வைத்திருக்கலாம். “மேடம், ஒரு விஷயம். அன்னைக்கு லேயர் இருக்குன்னு சொன்னேன். இல்ல. எல்லாத்தையும் சேத்து ஒட்டிட்டேன். முதல்ல இருந்துதான் திரும்பப் பண்ணினேன்.”

“தெரியும்மா. ஃபைலத் திறந்ததுமே தெரிஞ்சுது. அதனாலதான் நாலு நாள் கொடுத்தேன். லேயர் இருந்திருந்தா ஒரு நாள்தான் கொடுத்திருப்பேன்.” அவர் சிரிப்பதற்கு முன்பே நான் சிரித்துவிட்டேன். “அடுத்த பக்கத்துல எல்லாம் ஏதாவது சந்தேகம்?”

“நிறைய இருக்கு மேடம்,” என்றேன்.

அம்மா வீட்டுக்கு வரும்வரை பொறுக்க முடியவில்லை. பஸ் பிடித்து அண்டி ஆபீஸ் வாசலுக்குப் போனேன். சங்கு ஊதி, பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் முகம் மாறி ஓடிவந்தாள்.

“என்னட்டி இங்கன? வீட்டுல ஆருக்கு என்ன?”

“ஒண்ணும் இல்லம்மா. புத்தகம் கிடைச்சாச்சு. நாப்பத்தெட்டுப் பக்கம்.”

“அவிய பறஞ்சாவளா, நீயா பறயுகியா?”

“அவியதான் பறஞ்சாவ.”

அம்மா கூடவே வேலை பார்க்கும் சித்தி ஒருத்தி இடையில் புகுந்தாள். “என்ன செய்ததுக்குட்டி வேலை கொடுத்தாவ?”

“மெரினாவுல சூரியன எடுத்ததுக்கு.”

“வச்சதுக்கு இல்லியா?”

“வச்சதுக்கு ஏசினாவ சித்தி. எடுத்ததுக்குத்தான் வேலை.”

“அது கொள்ளாமே! இங்க நாங்க விடிஞ்சதுலேருந்து தோலு எடுக்கோம், ஒருத்தரும் கை தட்டக் காணல்லியே.”

கூட்டமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள், புதிதாக வாங்கிய பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல. “ஒறப்புதானே?” என்றாள். “ஒறப்பும்மா,” என்றேன். அவள் டிபன் பைக்குள் கையை விட்டு அந்த உறையை எடுத்து, சித்தியின் கையில் வைத்தாள்.

“ஒனக்க மவளுக்கு ஃபாரம் கிட்டலண்ணு பறஞ்சியேல்லா. இந்தா. நாளைக்குத்தான் கடைசி.”

சித்தி கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டுப் பிரித்தாள். “இதுல மேல என்னமோ கிறுக்கியிருக்கே?”

எட்டிப் பார்த்தேன். கல்லூரியின் பெயருக்குப் பக்கத்தில் அச்சிட்டிருந்த கட்டடப் படத்துக்கு, எப்போதோ ஒருநாள், நான் பென்சிலில் நிழல் போட்டு வைத்திருந்தேன். தூண்களுக்கெல்லாம் தனித்தனியாக, ரொம்பக் கவனமாக.

“பென்சில்தான் சித்தி,” என்றேன். “ரப்பர் வச்சு அழிச்சாப் போயிரும்.”